டேக் இல்லாத சந்தன நிறப் புடவை

1. ஒலிவாங்கி என் கைக்கு வந்த நாள்

ஆரணியில் நான்கு தளங்களில் இயங்கும் ஒரு பட்டு மாளிகையில் நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முகூர்த்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமை. கதவு திறந்த சிறிது நேரத்திலேயே வாசலில் வேன்கள் வரிசை கட்டின. தேவிகாபுரத்திலிருந்து ஒரு குடும்பம், வெம்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம், படவேட்டிலிருந்து இரண்டு குடும்பங்கள் என்று வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெரிய சில்லறைக் கடை என்றால் விற்பவர், வாங்குபவர், பொருள் ஆகிய மூன்றும் அடங்கியது என்று மட்டுமே நான் எண்ணியிருந்தேன். அன்று கண்டது ஒரு தேரோட்டம்.

இரண்டாம் தளத்துப் பட்டுப் பிரிவில் வெள்ளை மெத்தை விரித்திருப்பார்கள். விற்பனையாளர் புடவையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை வீசுவார். அது காற்றில் விரிந்து, எதிரில் அமர்ந்திருக்கும் பெண்களின் முழங்காலருகே சென்று படியும். அது படிவதற்குள் அடுத்த புடவை காற்றில் இருக்கும். அந்த வீச்சைப் பார்த்தபடி நின்றுவிட்ட என்னிடம், மேலாளர் ஜெயவேலு ஒலிவாங்கியை நீட்டினார்.

"தமிழ் படிச்சவங்கதானே நீங்க? சொல்லுங்க. மூணாவது மாடியில ஆண்களுக்குப் பட்டு வேட்டி, சட்டை வந்திருக்கு. அவ்ளோதான்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளப் பெருமக்களே" என்று தொடங்கி, ஒரு பிழையும் இல்லாத நீண்ட வாக்கியத்தை நிறைவாகச் சொல்லி முடித்தேன். ஒருவரும் தலை நிமிரவில்லை.

ஜெயவேலு சிரித்தார். "சூப்பர். ஆனா இது கும்பாபிஷேகத்துக்குக் கூப்புடற மாதிரி இருக்குது டீச்சரம்மா. அங்க ஒரு அம்மாவோட டிபன் பாக்ஸ் கீழ விழுந்துச்சு, மொத்த மாடியும் திரும்பிப் பாத்துச்சு. உங்களுக்கு ஒரு கழுத்துகூடத் திரும்பல."

எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியிராத எனக்கு அன்று முதல் டீச்சரம்மா என்பதே பெயராயிற்று. பின்னாளில் இரண்டாம் தளத்தின் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒலிவாங்கியும் என் மேசையிலேயே நிலைத்தது. என் அறிவிப்புகளை யாரும் கேட்பதில்லை என்பதும் கடையின் நிலையான நகைச்சுவையாக நிலைத்தது. எல்லோரும் கேட்ட ஓர் அறிவிப்பும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கினேன்.

2. குவியலின் சட்டம்

அதற்கு முன், இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருமண வீட்டார் கடைக்கு வந்தால் முகூர்த்தப் புடவையைத்தான் முதலில் எடுப்பார்கள். அது முடிவாகும்வரை வேறொன்றைத் தொடமாட்டார்கள். முடிவானதும் அதற்கு மட்டும் தனியாகப் பில் போட்டு, தரைத்தளத்தில் சுவாமி படத்தின் முன் தாம்பாளத்தில் வைப்போம். மணப்பெண்ணின் தாய் புடவையின் ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்து எடுத்துக்கொள்வார். மஞ்சள் பட்டபின் அந்தப் புடவை மாற்றுவதற்கில்லை, திருப்புவதற்கில்லை. இவையெல்லாம் ராகு காலம் தொடங்குவதற்குள் நடந்தாக வேண்டும். ஞாயிறு என்றால் மாலை நாலரை. நாலு மணிக்குமேல் எங்கள் படிக்கட்டில் ஏறுபவர் நடப்பார், இறங்குபவர் ஓடுவார்.

மற்றொன்று குவியல். காட்டிய புடவைகள் மெத்தையில் மலைபோல் சேரும். மடிப்புப் பிரிவுப் பெண்கள் அவற்றை அள்ளிச் சென்று, எங்கள் கடைக்கே உரிய மடிப்பில் மடித்து ரேக்கில் அடுக்குவார்கள். அந்தப் பிரிவின் தலைவி மும்தாஜ். பேசிக்கொண்டே மடிப்பாள், சாப்பிடும் பெண்களைத் திட்டிக்கொண்டே மடிப்பாள். கண் எங்கோ இருக்கும், கை பட்டில் இருக்கும். குவியலில் புரளும்போது சில புடவைகளின் பார்கோடு டேக் அறுந்து விழுவதுண்டு. அப்படி வந்தவற்றை அவள் குமரேசனிடம் தள்ளிவிடுவாள். அதே ரகத்தில் வேறொரு புடவையைப் பார்த்துப் புதிய டேக் அச்சிட்டு ஒட்டுவது அவன் வேலை. வாசலில் நிற்கும் பொம்மைகளுக்குப் புடவை கட்டும் டிஸ்ப்ளே வேலையும் அவனுடையதே.

எல்லோரும் அவரவர் வேலையைக் குறைவின்றிச் செய்தால் கடையில் தவறு நேராது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

3. ஸ்டெல்லாவின் புடவை

வைகாசி மாதத்து ஞாயிறு. பட்டுப் பிரிவில் உட்கார இடமில்லை. மூன்றாம் தளத்தில் மாப்பிள்ளைக்குச் சட்டை எடுத்துவிட்டு ஸ்டெல்லா என்ற பெண் தன் அத்தையுடன் இறங்கி வந்து மெத்தையின் ஓரத்தில் அமர்ந்தாள். ஆரணியிலேயே தறி வைத்திருக்கும் நெசவாளர் வீட்டுப் பெண். தறியில் அவளும் அமர்வாள். வரும் வியாழக்கிழமை தேவாலயத்தில் அவளுக்குத் திருமணம். மாமியாருக்கு ஒரு புடவை எடுக்க வந்திருந்தாள். தனக்கு எடுக்கவில்லை, தன் கூறைப் புடவையைத் தானே நெய்திருந்தாள்.

அந்தப் புடவையைச் சட்டையின் நிறத்தோடு ஒப்பிடுவதற்காகக் கையோடு எடுத்து வந்திருந்தார்கள். சந்தன நிற உடல், அரக்குக் கரை. அத்தை அதைப் பையிலிருந்து உருவி, மெத்தையில் விரித்து, எங்கள் விற்பனையாளரிடம், "இந்த மாதிரி நெய்ப்புல இருந்தா காட்டுப்பா, இல்லன்னா வேணாம்" என்றார். அக்கம்பக்கத்தில் இருந்த பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்போது ஸ்டெல்லாவுக்கு மாப்பிள்ளையிடமிருந்து அழைப்பு வந்தது. இரைச்சலில் ஒன்றும் கேட்காமல் அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் சென்றாள். விற்பனையாளர் தேநீருக்குப் போக, வேறொருவர் அந்த இடத்துக்கு வந்தார். அத்தை மயில்நீலம் ஒன்றைக் கையில் ஏந்தி விளக்கு வெளிச்சத்துக்குத் திரும்பினார். மடிப்புப் பிரிவுப் பெண்கள் வந்து குவியலை அள்ளிச் சென்றார்கள்.

ஸ்டெல்லா திரும்பி வந்தாள்.

"அத்தை, என் பொடவை எங்க?"

"இதோ மடியிலதான்..." என்று அத்தை தம் மடியைப் பார்த்தார். மயில்நீலம் இருந்தது. எழுந்து நின்று புடவையை உதறினார். "ஐயோ, இங்கதாண்டி இருந்துச்சு! இப்பத்தான் எல்லாருக்கும் காட்டிகினு இருந்தேன்!"

"யாரு காட்டச் சொன்னாங்க உங்கள?"

"நீ இன்னா, அரை மணி நேரமா போன்ல கொஞ்சிகினு இருந்துட்டு, இப்ப என்னைக் கேக்கற?"

நான் ஓடிச் சென்றேன். ஸ்டெல்லா அழவில்லை. மெத்தையில் மண்டியிட்டு, கிடந்த புடவைகளை இரு கைகளாலும் விலக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"அக்கா, வேற எது தொலைஞ்சாலும் பரவால்ல. இத்தை இன்னொரு தபா நெய்ய நாள் இல்ல. வியாழக்கிழமை கோயில்ல ஃபாதர் கூறைப் பொடவையைத் தட்டுல வச்சு ஆசீர்வதிச்சுக் குடுக்கறப்போ அந்தத் தட்டுல நான் இன்னாக்கா வைப்பேன்?"

4. மும்தாஜும் குமரேசனும்

மடிப்புப் பிரிவில் மும்தாஜ் வழக்கம்போல் மடித்துக்கொண்டிருந்தாள்.

"சந்தனக் கலர், அரக்கு பார்டரா? மடிச்சேனே! கைக்கு வந்துச்சு, மடிச்சேன். டேக் இல்ல. குமரேசன்கிட்ட ஜல்தியா அனுப்பிட்டேன். ஏன் டீச்சரம்மா?"

"அது நம்ம கடைப் புடவை இல்லை மும்தாஜ். இந்தப் பெண்ணுடையது."

மும்தாஜின் கை நின்றது. அந்தக் கை நின்று நான் பார்த்தது அதுவே முதல் முறை. "யா அல்லா, கல்யாணப் பொடவையா?" என்றாள் மெல்ல.

குமரேசன் டேக் அறையிலிருந்து மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தான். நாங்கள் கேட்பதற்கு முன்பே பேசத் தொடங்கினான்.

"மேடம், இன்னைக்கு ஒரு பீஸ் வந்துச்சு பாருங்க, அப்பா! இவ்ளோ நாளு எந்த ரேக்குல ஒளிஞ்சிகினு இருந்துச்சோ. டேக்கு வேற இல்ல. பதினாலாம் ரேக்குல அதே கலர்ல ஒண்ணு இருந்துச்சு, அதைப் பாத்து டேக் போட்டு, நேரா வாசல் பொம்மைக்குக் கட்டிட்டேன். மேனேஜர் சாரே கை குடுத்தாரு!"

இவர்களில் ஒருவரும் தம் வேலையில் குறை வைக்கவில்லை. வந்ததை மடித்தார்கள், டேக் இல்லாததற்கு டேக் ஒட்டினார்கள், அழகானதை வாசலில் நிறுத்தினார்கள். அவரவர் வேலை அத்தனை ஒழுங்காக நடந்ததால்தான் ஒரு பெண்ணின் கூறைப் புடவை எங்கள் சரக்காகிவிட்டது.

நடுக்கூடத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தோம். வாசல் பொம்மை பாவாடையோடு நின்றுகொண்டிருந்தது.

"வித்துப் போச்சா?" என்ற குமரேசனின் குரலில் முதலில் எட்டிப் பார்த்தது பெருமிதம்தான். மறுகணமே அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஸ்டெல்லா என் தோளைப் பற்றிக்கொண்டு கீழே கை நீட்டினாள். "அதோக்கா! அதோ!"

பில்லிங் கவுண்டரைத் தாண்டி, சுவாமி படத்தின் முன், தாம்பாளத்தில் சந்தன நிறம் தெரிந்தது. வெம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே நின்றது. காலையிலிருந்து எதுவும் பிடிக்காமல் நான்கு தளங்களையும் சலித்துவிட்டு, வெறுங்கையோடு வெளியேறும்போது பொம்மையைப் பார்த்து நின்றிருக்கிறார்கள். மணப்பெண்ணின் தாய் குங்குமச் சிமிழைத் திறந்து வைத்துவிட்டு, மஞ்சள் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். சந்தன நிறப் பட்டில் மஞ்சள் பட்டால் போகாது. வேறு வீட்டு மஞ்சள் பட்ட புடவையைத் தேவாலயத்துத் தட்டில் வைக்கவும் ஸ்டெல்லாவால் இயலாது.

சுவரிலிருந்த கடிகாரம் நாலேகால் காட்டியது. பில்லிங் கவுண்டருக்கு உள்பேசியில் அழைத்தேன். மணி அடித்ததே தவிர எடுப்பார் இல்லை. மின்தூக்கி நிறைந்து நான்காம் தளத்தில் நின்றது. படிக்கட்டில் மூன்று வேன்களின் மக்கள். ஸ்டெல்லா அதற்குள் புகுந்து இறங்கத் தொடங்கிவிட்டாள். ஆயினும் அவளுக்கு முன் ஒரு பாட்டியும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தனர்.

என் மேசையில் ஒலிவாங்கி இருந்தது.

5. எல்லோரும் கேட்ட அறிவிப்பு

பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளப் பெருமக்கள் எவரும் அன்று என் வாயில் வரவில்லை.

"மஞ்சள் வைக்காதீங்க! யாரும் மஞ்சள் வைக்காதீங்க! கையை எடுங்க!"

நான்கு தளங்களும் உறைந்தன. காற்றில் எறிந்த புடவை தானே வந்து படிந்தது; எறிந்தவர் அப்படியே நின்றார். தாம்பாளங்களின் முன் அப்போது நின்றது ஒரு குடும்பம் மட்டும் இல்லை, மூன்று குடும்பங்கள். மூன்று தாய்மார்களும் மஞ்சள் தோய்ந்த விரலை வானத்துக்கு உயர்த்தியபடி சிலைபோல் நின்றார்கள். தன் வீட்டுக்கும் இந்தக் குரலுக்கும் என்ன தொடர்பு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் ஒருவரும் விரலை இறக்கவில்லை.

அந்த அமைதியில் படிக்கட்டு தானாக வழிவிட்டது. ஸ்டெல்லா இறங்கி ஓடினாள். அவள் பின்னால் நான், என் பின்னால் குமரேசன், அவன் பின்னால் கையில் மயில்நீலத்தோடு அத்தை.

வெம்பாக்கத்து அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னாம்மா இது, நல்ல காரியத்துல? டைம் போய்கினு இருக்குது, கையை எடுன்னா இன்னா அர்த்தம்?"

ஸ்டெல்லா தாம்பாளத்தைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஆன்ட்டி, அது என் கல்யாணப் பொடவை. நான் நெய்ஞ்சது. தெரியாம கலந்துபோச்சு."

"டேக் இருக்குது, பில்லு இருக்குது. கடைப் பொம்மை கட்டிகினு நின்னுச்சு. எப்படிம்மா உன்னுதாவும்?"

"டேக் நான் போட்டதுங்க. தப்பு நடந்துபோச்சு" என்றான் குமரேசன். அந்த அம்மாள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு படி பின்வாங்கினான்.

"இடுப்புல செருகற மொனையைப் பிரிச்சுப் பாருங்க ஆன்ட்டி" என்றாள் ஸ்டெல்லா. "ஓரத்துல ஜரிகையில சின்னதா ஒரு சிலுவை இருக்கும். வெளிய தெரியக்கூடாதுன்னு அங்க போட்டேன்."

தாயின் விரலில் மஞ்சள் இருந்ததால் அவர் பிரிக்கவில்லை. அவர் மகள், வெம்பாக்கத்து மணப்பெண், முன்னால் வந்து முனையைப் பிரித்தாள். நகத்தளவு ஜரிகைச் சிலுவை. அந்தப் பெண் அதைச் சிறிது நேரம் பார்த்தாள். அந்தப் புடவைமேல் அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அவள் அதை மறுபடி மடித்த விதத்தில் தெரிந்தது. மடித்து, ஸ்டெல்லாவின் கையில் வைத்தாள்.

"இந்தாங்கக்கா. எனக்கே இவ்ளோ புடிச்சிருக்குன்னா, நெய்ஞ்ச உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்."

ஸ்டெல்லா அப்போதுதான் அழுதாள். புடவையில் கண்ணீர் பட்டுவிடாமல் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தை, "தொடச்சிக்கோடி, தொடச்சிக்கோ" என்று மயில்நீலத்தின் முந்தானையை நீட்ட, நான் பாய்ந்து தடுத்தேன்.

6. மிச்சமிருந்த நிமிடங்கள்

வெம்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் அமர்ந்திருந்தார்கள். மணப்பெண்ணின் தந்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவாமி படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"நாலரை ஆவப் போவுது. வெறுங்கையோட போனா சம்பந்தி வீட்டுல இன்னா பேசுவாங்க? பேஜார் பண்ணிட்டீங்களே சார்!"

ஜெயவேலு கூப்பிய கைகளோடு நின்றார். ஒரு முகூர்த்தப் புடவையை மிச்சமிருக்கும் சில நிமிடங்களில் தேர்ந்தெடுத்ததாக எங்கள் கடை வரலாற்றில் இல்லை. அப்போது அந்த மணப்பெண் என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், காலையில முதன்முதல்ல ஒண்ணு காட்டினீங்களே. குங்குமச் செவப்பு, பச்சை பார்டர், அன்னம் போட்டது."

"அதை நீதானேடி வேணாம்னு தள்ளின?" என்றார் தாய், விரலை இன்னும் இறக்காமல்.

"தள்ளினேன். அதுக்கப்புறம் எதைப் பாத்தாலும் அது மாதிரி இல்லன்னுதாம்மா தோணிகினு இருந்துச்சு."

நான் அண்ணாந்து கூவினேன். "மும்தாஜ்! குங்குமச் சிவப்பு, பச்சைக் கரை, அன்னம்!"

இரண்டாம் தளத்துக் கைப்பிடிச் சுவரில் மும்தாஜின் தலை தெரிந்தது. "காலையில மடிச்சது! இருங்க!" அவள் மறைந்தாள். நூற்றுக்கணக்கில் மடித்த அந்தக் கைகளுக்கு ரேக் நினைவிருந்தது. மீண்டும் தோன்றியபோது கையில் சிவப்பு இருந்தது. ஆனால் உறைந்திருந்த படிக்கட்டு மறுபடி உயிர்பெற்று அடைத்துக்கொண்டிருந்தது.

"கை மாத்தி வுடுங்க!" என்று கத்தினாள் மும்தாஜ்.

படியில் நின்ற, தேவிகாபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அதை வாங்கினார். அவர் கீழ்ப்படியில் நின்றவருக்குக் கொடுத்தார். அடுத்தவர், அடுத்தவர். முன்பின் அறியாத குடும்பங்களின் தலைகளுக்கு மேலாக, கைகளின் மேல் மிதந்தபடி அந்தச் சிவப்புப் புடவை இறங்கி வந்தது. "ஜாக்கிரதை, ஜாக்கிரதை", "நகம் படாம", "கல்யாணப் பொடவைங்க, வழி வுடுங்க" என்று படிக்கட்டு முழுவதும் ஒரே குரல். குமரேசன் டேக்கைப் பார்த்தான், இருமுறை பார்த்தான், ஸ்கேன் செய்தான். பில் வந்தது. புடவை தாம்பாளத்தில் அமர்ந்தது. நெடுநேரமாக உயர்ந்திருந்த அந்த விரல் இறங்கிற்று.

மஞ்சள் பட்டதும் தரைத்தளம் முழுவதும் கைதட்டியது. மேலே பார்த்தேன், மற்றத் தளங்களிலும் தட்டிக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தில் நாலரைக்கு இன்னும் சற்று இடமிருந்தது. மற்ற இரு தாய்மார்களும் என்னைப் பார்த்து, "நாங்க வெக்கலாமா?" என்று கேட்டார்கள். அவர்களை நான் மறந்தே போயிருந்தேன்.

ஜெயவேலு என்னருகே வந்தார். முகத்தில் கடுமை இருக்குமென்று எண்ணினேன்.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் டீச்சரம்மா, உங்க மைக்கு எல்லாருக்கும் கேட்டுச்சு."

7. ரிப்பன்

மறுநாள் காலைக் கூட்டத்தில் குமரேசனைக் கடியப் பலர் ஆயத்தமாக வந்திருந்தார்கள். ஆனால் கண்டிப்பதற்குரிய குற்றம் எதுவென்று எங்களால் சுட்டிக்காட்ட முடியவில்லை. பெரிய கடையில் வேலை கை மாறிக்கொண்டே செல்கிறது. ஒவ்வொரு கையும் தனக்குரியதைச் செய்து அடுத்த கைக்குத் தள்ளுகிறது. கேள்வி கேட்பது மட்டும் எந்தக் கைக்கும் உரிய வேலையாக இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கற்பித்தது இதுதான்: டேக் இல்லாத பொருளைக் கண்டால் முதலில் டேக்கைத் தேடாதீர்கள், அதற்கு உரியவரைத் தேடுங்கள். "இது யாருது?" என்று உரக்கக் கேளுங்கள். யாரும் விடை சொல்லாவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள்.

அன்று முதல் எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க வாடிக்கையாளர் கொண்டுவரும் துணி எதுவானாலும் நுழைவாயிலிலேயே அதில் மஞ்சள் ரிப்பன் கட்டிவிடுவோம். ரிப்பன் கண்ட இடத்தில் மடிப்புக் கை நிற்க வேண்டும். ரிப்பனின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் மும்தாஜ். "அந்த மஞ்சளைத்தானே தடுத்தோம், இந்த மஞ்சளாவது இருக்கட்டும்" என்றாள்.

பின்னர் ஒரு பண்டிகைக் காலத்தில் ஸ்டெல்லா வந்தாள். நுழைவாயிலில் நான்தான் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எனக்கு ஒரு ரிப்பன் குடுங்க."

"என்னம்மா கொண்டுவந்திருக்கே?"

"இதோ, இவரைத்தான்." பக்கத்தில் நின்ற கணவனை முன்னால் தள்ளினாள். "அன்னைக்கு எல்லாத்துக்கும் காரணமே இவரோட போன்தான். கட்டி வுடுங்கக்கா. இல்லன்னா குமரேசண்ணன் டேக் போட்டு பொம்மை பக்கத்துல நிக்க வச்சிடுவாரு."

அந்த இளைஞர் வெட்கத்தோடு மணிக்கட்டை நீட்டினார். நான் கட்டிவிட்டேன்.

இருவரும் இரண்டாம் தளத்துக்குச் சென்றார்கள். அவள் மெத்தையில் அமர்ந்து புடவை பார்க்கத் தொடங்க, அவர் ரேக்குகளின் இடையே வழிதவறி நின்றார். அவ்வழியே கை நிறையப் புடவைகளோடு வந்த குமரேசன் மணிக்கட்டில் இருந்த ரிப்பனைப் பார்த்தான். பார்த்ததும் நின்றான். கூடத்தைத் திரும்பிப் பார்த்து உரக்கக் கேட்டான்.

"இது யாருது?"

புடவை மலையின் நடுவிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"என்னுதுண்ணா!"